கரை எனக்கு, கடல் உனக்கு

“அந்தச் சாடிய எவன் கொண்டாந்து என் முன்னால வைக்கிறானோ, அவனுக்குத்தான் கல்கத்தா!”

செய்யிது காதர் மரைக்காயர் இதைச் சொன்னபோது, கீழக்கரையில் இருந்த அவருடைய சங்குக் கிட்டங்கியில் சங்கைத் தட்டிப் பார்க்கிற ஓசை சட்டென்று நின்றது. தரகர்கள் தலை தூக்கினார்கள். மூட்டை சுமந்தவர்கள் மூட்டையோடு நின்றார்கள். மரைக்காயரின் மகன் ஜெய்லானிக்கு மட்டும் யாரோ காதுக்குள்ளேயே சங்கை ஊதியது போல இருந்தது.

கல்கத்தா! மன்னார் வளைகுடாவில் முங்கி எடுக்கிற சங்கில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது; வங்காளத்துப் பெண்களின் கையில் வளையலாக ஏறுகிறது. அங்கே மரைக்காயர் ஒரு கிளை திறக்கப் போகிறார். அதன் கல்லாவில் உட்காரப் போகிறவன் தான்தான் என்று மீசை அரும்பும் முன்பே ஜெய்லானி தீர்மானித்துவிட்டான். வங்காளத் தரகர்களோடு சிரித்துப் பேச நாலு வார்த்தை கற்று வைத்திருந்தான். சங்கைத் தட்டிக் காதில் வைத்தே, புழு அரித்ததா இல்லையா என்று சொல்லுவான். பேரத்தில் அவனை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, கலீல் வந்து சேரும் வரை.

கலீல், மரைக்காயரின் காலஞ்சென்ற தங்கை மகன். சென்னையில் மண்ணையும் கடலையும் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு மாமா வீட்டுக்கு வந்து இறங்கினான். அன்று முதல் வீட்டில் ஒரே கலீல் பாட்டு. மீன் ஆணத்தில், அதாவது குழம்பில், நடுத்துண்டு கலீல் தட்டுக்குப் போனது. “கலீல் என்ன சொல்றான்?” என்று கேட்காமல் வாப்பா ஒரு மூட்டைகூட வாங்குவதில்லை. ஜெய்லானியின் மடியில் படுத்துப் பழகிய பூனை, மடி மாறிவிட்டது. வாப்பாவையாவது மன்னித்துவிடலாம், படிப்பின் மேல் மோகம். பூனைக்கு என்ன வந்தது?

இப்போது கல்கத்தாவுக்கும் போட்டி!

“படிச்சவனா, பழகினவனா, யாரை அனுப்புறதுன்னு எனக்கு ரெண்டு மாசமாத் தூக்கம் இல்ல,” என்றார் மரைக்காயர். “ஆவுளித்தீவுக்கு ரெண்டு பேரும் போங்க. தோண்டுங்க. வெறுங்கையோட வந்தா ரெண்டு பேருக்கும் கிடையாது. வெளியாள் யாரையாவது பார்த்து அனுப்பிக்கிறேன்.”

சாடியின் கதை அந்தக் குடும்பத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மரைக்காயரின் பாட்டனாருக்கும் தகப்பனார் மீரா மரைக்காயர், முத்து வியாபாரி. ஒரு முறை முத்தோடு வரும்போது வழிப்பறிப் படகுகள் துரத்தின. அவர் ஆவுளித்தீவில் ஒதுங்கி, முத்தை ஒரு சீனச் சாடியில் போட்டு, வாயை மெழுகால் அடைத்துப் புதைத்தார். கடுங்காய்ச்சலோடு வீடு வந்தார். கண் மூடும் முன் சொன்னது இவ்வளவுதான்: ‘நல்ல தண்ணிக் கிணத்துக்குக் கிழக்கே, கைப்பிடிச்சுவர் அடியிலே.’

மகன்கள் அப்போது சின்னப் பிள்ளைகள்; வெகுகாலம் கழித்துத்தான் போய்த் தேடினார்கள், பிறகு பேரன்கள் போய்த் தேடினார்கள். சாடி கிடக்கட்டும், கிணறே இல்லை! தீவில் மணல் இருந்தது, பூவரசு இருந்தது, நண்டு இருந்தது. கிழவர் காய்ச்சலில் உளறினார் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

“உளறல்னா ஏன் வாப்பா எங்களை அனுப்புறீங்க?” என்று கேட்டான் ஜெய்லானி.

“உன் மச்சான் அது உளறல் இல்லைங்கிறான்.”

ஜெய்லானி கலீலைப் பார்த்தான். கலீல் சிரித்தான். அந்தப் பல்வரிசைகூடத் தன்னுடையதைவிட ஒழுங்காக இருந்தது ஜெய்லானிக்குப் பிடிக்கவில்லை.

பங்குனி மாதம். வாடைக் காற்று ஓய்ந்து, தெற்கே இருந்து சோழகக் காற்று கிளம்புவதற்கு முந்திய இடைவெளி. சவேரியான் என்கிற படகோட்டித் தண்டலின் வள்ளத்தில் இருவரும் புறப்பட்டார்கள். சவேரியானுக்கு வயிறும் பெரிது, குரலும் பெரிது. பாய் விரித்துக் கொஞ்ச தூரம் போகவில்லை, கடலோரத்தில் பிறந்து வளர்ந்த ஜெய்லானி விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். கடலே இல்லாத ஊரில் பள்ளியில் படித்து, சென்னையில் பட்டம் வாங்கிய கலீல், முன்முனை அணியத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றான்.

“என்ன தம்பி, ஒங்க வீட்டுக் கடலு ஒங்களையே ஏத்துக்க மாட்டேங்குதே!” என்றார் சவேரியான்.

“சும்மா வள்ளத்தை ஓட்டுங்கண்ணே!” என்று சீறினான் ஜெய்லானி. கலீல் ஒரு கை வேர்க்கடலையை நீட்டினான். அது எல்லாவற்றையும்விட மோசம்.

தீவு கண்ணில் பட்டது. நீலத் தண்ணீருக்கு நடுவே வெள்ளை மணல், அதற்கு மேல் ஒரு பச்சைக் கோடு. ஜெய்லானிக்குள் தூங்கிக்கொண்டிருந்த வியாபாரி எழுந்து உட்கார்ந்தான். இறங்குவதற்கு முன்பே பேரம் முடிந்துவிட வேண்டும்!

“மச்சான், ஒரே இடத்துல ரெண்டு பேரும் தோண்டினா அடிதடிதான் வரும். பங்கு பிரிச்சுக்குவோம். தீவு ஒருத்தருக்கு, சுத்தி இருக்கிற கடல் இன்னொருத்தருக்கு. அவனவன் பங்குல கிடைச்சது அவனவனுக்கு. கரை எனக்கு, கடல் உனக்கு!”

சவேரியான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கலீல் தயங்கினான். “மச்சான், அதுக்கு முன்னாடி இந்தத் தீவைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேனே...”

“பேரம் முடியற வரைக்கும் சரக்கைப் பத்திப் பேசப்படாது! நம்ம கிட்டங்கி வழக்கம் அது. சம்மதமா, இல்லையா?”

“சொல்லிட்டுப் பேரம் பேசுறதுதானே நியாயம்?”

“நியாயத்தைச் சென்னையில வச்சுக்க. சவேரியான் அண்ணே, துண்டைக் குடுங்க!”

சங்கு வியாபாரத்தில் விலையை வாயால் சொல்லுவதில்லை. இரண்டு கைகளுக்கு மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே விரல்கள் பேசும். பங்கு பேரம் என்றால் ஒரு விரலைப் பிடித்தால் கால், இரண்டு விரல் அரை, நாலையும் சேர்த்துப் பிடித்தால் முழுசு. சம்மதமில்லாதவன் கையை உதறிவிட வேண்டும். உதறாவிட்டால் பேரம் முடிந்தது; அப்புறம் அப்பன் வந்து சொன்னாலும் மாற்ற முடியாது.

வியர்வை நாறும் துண்டுக்குள்ளே கலீல் இரண்டு விரலைப் பிடித்தான்: யார் பங்கில் கிடைத்தாலும் பாதிப் பாதி. ஜெய்லானி உதறினான். பதிலுக்குக் கலீலின் நாலு விரலையும் சேர்த்து நெரித்தான்: யார் பங்கில் கிடைக்கிறதோ அவனுக்கே முழுசும்! கலீல் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். உதறவில்லை.

கடலை வாங்கிக்கொண்டவனை நினைத்து ஜெய்லானிக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. வெறும் தண்ணீரை ஒருவன் தலையில் கட்டியாகிவிட்டது! வாந்தி எங்கே போனதென்றே தெரியவில்லை.

முதல் நாள் தோண்டினான். பூவரசு மரத்தடியில் தோண்டினான், மேட்டில் தோண்டினான், பள்ளத்தில் தோண்டினான். கிடைத்தது சிப்பி, சிப்பி, இன்னும் சிப்பி. கலீலோ தெற்குக் கரையில் இடுப்பளவு தண்ணீரில் கையில் ஒரு கழியோடு நடந்துகொண்டிருந்தான். குத்துவான், குனிந்து பார்ப்பான், நகருவான். வெயில் ஏறிய பின்னும் கடலுக்குள் சுகமாக நின்றான். மணலில் கால் வெந்துகொண்டு நின்ற ஜெய்லானிக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கடப்பாரை தாறுமாறாக விழுந்தது.

இரண்டாம் நாள் ஒன்று கிடைத்தது. ‘டங்’ என்று சத்தம்!

“ஆகா!” என்று குதித்தான் ஜெய்லானி. கையால் மணலை வாரி எறிந்தான். மண்பாண்டம்! ஈரமாக இருந்தது. இன்னும் வாரினான். அது அவர்களுடைய குடிதண்ணீர்க் குடம். சூடேறாமல் இருக்கட்டும் என்று முந்தின நாள் அவனே கழுத்தளவு மணலில் புதைத்தது. ராத்திரிக் காற்று மணலைப் போட்டு மூடியிருந்தது. குடம் இரண்டாகப் பிளந்து, கடைசிச் சொட்டும் மணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

“பரவாயில்ல தம்பி, தோண்டத் தெரிஞ்சிருக்கு,” என்றார் சவேரியான். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு நின்றது. “வள்ளத்துல ஒரு செம்புத் தண்ணிதான் கிடக்கு. ஊர்க்கரைக்குப் போனமின்னா நான் திரும்பி வரமாட்டேன். தெக்க மேகம் கட்டுது பாருங்க. போகணுமா, வேண்டாமா, சொல்லிப்புடுங்க.”

திரும்புவதா? வெறுங்கையோடா? “என் தீவுல தண்ணி நான் எடுக்கிறேன்!” என்று ஜெய்லானி கடப்பாரையைத் தூக்கினான். கரைக்குப் பக்கத்திலேயே ஆழமாக வெட்டினான். கொஞ்சம் தண்ணீர் ஊறியது. போதவில்லை, இன்னும் வெட்டினான். குபுகுபுவென்று வந்தது! ஒரு கை அள்ளி வாயில் ஊற்றினான். தூ! கடல் தண்ணீரேதான்.

கலீல் சொட்டச் சொட்டக் கரையேறி வந்தான். “மச்சான், உன் இடத்துல ஒரு குழி வெட்டிக்கட்டுமா? உத்தரவு வேணும்.”

உத்தரவு கேட்ட மரியாதைக்காகவே அவனை அடிக்கலாம் போலிருந்தது. “முதல் மடக்கு எனக்குன்னா வெட்டிக்க.”

கலீல் தீவின் நடுப்பகுதிக்குப் போனான். வெறும் கையாலேயே முழங்கை ஆழம் தோண்டினான். மணல் நனைந்ததும் நிறுத்திவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். மெல்ல மெல்ல அடியில் ஒரு சிரட்டை அளவு தண்ணீர் தேங்கியது. “குடி” என்றான்.

ஜெய்லானி குடித்தான். நல்ல தண்ணீர்! ஊரில் காசு கொடுத்து வாங்குவதைவிட நல்ல தண்ணீர்! தொண்டைக்கு இனித்தது, நெஞ்சுக்குக் கசந்தது.

“எப்படிடா?”

“மழைத்தண்ணி லேசு, உப்புத்தண்ணி கனம். பெய்யிற மழை இந்த மணலுக்குள்ள இறங்கி, அடியில இருக்கிற கடல் தண்ணி மேல மிதக்குது, பால் மேல ஆடை மாதிரி. கரையோரத்துல ஆடை மெல்லிசு, நடுத்தீவுல தடிப்பு. பேராசைப்பட்டு ஆழமா வெட்டினா ஆடை கிழிஞ்சு உப்பு மேல வந்துரும்.”

ஜெய்லானிக்குச் சட்டென்று புரிந்தது. மேலே நல்ல பழத்தை அடுக்கி, அடியில் அழுகலை வைக்கிற கூடைக்காரன் மாதிரி இந்தத் தீவும் ஒரு வியாபாரிதான்! இவ்வளவு காலம் கூடைக்காரர்களோடு பழகிய தனக்குத் தெரியாமல், இவனுக்கு எப்படித் தெரிந்தது? பொறாமை வயிற்றில் நண்டு போல ஊர்ந்தது. ஆனால் கூடவே ஒரு யோசனையும் ஓடியது.

“அப்ப கிணறு வெட்டினவனும் நடுத்தீவுலதான் வெட்டியிருப்பான்! இங்கேதான்! என் பங்குல!” என்று துள்ளி எழுந்தான்.

“நடுத்தீவுலதான் வெட்டியிருப்பான்,” என்று ஒத்துக்கொண்டான் கலீல். “இப்ப நடு இது. அப்ப நடு எது?”

கேட்டுவிட்டு மறுபடி கடலுக்குள் இறங்கிவிட்டான்.

அந்தக் கேள்வி ஜெய்லானியைச் சாப்பிட விடவில்லை. தெற்குக் கரையில் போய் உட்கார்ந்தான். கரைக்கு அப்பால் தண்ணீருக்குள் கறுப்பாக என்னமோ நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றல்ல, பல. பட்டுப்போன பூவரசு மரக் கட்டைகள்! பூவரசு கடலுக்குள் முளைக்குமா? பிறகு வடக்குக் கரைக்கு ஓடினான். அங்கே மணல் புத்தம் புதிதாகக் குவிந்திருந்தது; இளங்கொடி அப்போதுதான் படரத் தொடங்கியிருந்தது. ஒரு முதிர்ந்த மரம்கூட இல்லை.

தெற்கே மரம் செத்துக் கிடக்கிறது. வடக்கே மணல் பிறந்துகொண்டிருக்கிறது.

“சவேரியான் அண்ணே, இந்தத் தீவு நகருதா?”

“தீவு என்ன மாடா, நடக்குறதுக்கு?” என்றார் சவேரியான். “நானும் முப்பது வருசமா வந்து போறேன், இங்கனதான் கெடக்கு.”

ஜெய்லானி நம்பவில்லை. கடலுக்குள் நின்றவனைப் பார்த்துக் கத்தினான். “டேய் கலீல்! தீவு நடக்குதுன்னு உனக்கு முன்னாலயே தெரியுமா?”

“பேரத்துக்கு முன்னாடி சொல்ல வந்தேன், நீதான் விடல!” என்று பதிலுக்குக் கத்தினான் கலீல். “இது மலை இல்ல மச்சான். பவளமும் சிப்பியும் அலையில அரைபட்டுக் குவிஞ்ச மணல்மேடு. சோழகக் காத்துல அலை தெக்குக் கரையை அரிக்குது. அந்த மணல் சுத்தி வந்து வடக்கே ஏறுது. வாடையில கொஞ்சம் திரும்பி வருது, ஆனா போன அளவு வர்றதில்ல. வருசா வருசம் ஒரு சாண், ஒரு முழம்னு தீவு ஊர்ப்பக்கம் நகருது. நம்ம மூத்தவர் புதைச்ச இடம் இப்ப கடலுக்கடியில!”

ஜெய்லானி மணலில் தொப்பென்று உட்கார்ந்தான். தலைமுறை தலைமுறையாக யாருக்கும் வராத யோசனை! அதைவிட, தானே பேரம் பேசி, தானே துண்டு கேட்டு வாங்கி, தானே நாலு விரலையும் நெரித்து, புதையலை அவன் கையில் திணித்திருக்கிறோம்! ஏமாற்றப்பட்டிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டவனுக்குத் திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

மறுநாள் அமாவாசை. பௌர்ணமியைப் போலவே கடல் அதிகம் வற்றுகிற நாள். பகல் திரும்பிய நேரத்தில் தண்ணீர் பின்வாங்கிக்கொண்டே போனது. பவளப்பாறைத் தரை பழுப்பாகத் தலை காட்டியது. மரக்கட்டைகளுக்கும் அப்பால், பாசி பிடித்த கற்கள் வட்டமாக அடுக்கிய ஒரு வளையம் மெல்ல வெளியே வந்தது.

கிணறு!

கலீல் அதை நோக்கி ஓடினான். ஜெய்லானியும் கடப்பாரையோடு ஓடினான்.

“நில்லுடா! தண்ணி வத்தின இடம் கரை! கரை என்னுது!”

“இன்னும் கொஞ்ச நேரத்துல ஏறுமே, அப்ப யாருதாம்?”

“ஏறட்டும், அப்பப் பேசிக்கலாம்!”

“வெக்கமா இல்லையா மச்சான் உனக்கு?”

“கல்கத்தா போறவனுக்கு வெக்கம் எதுக்குடா?”

கரையில் நின்ற சவேரியான் இரு கையையும் வாயருகே குவித்தார். “சண்டையப் பொறவு போடுங்க! தெக்க இருந்து பெரிய அலை வருது! சுருக்கா வந்து சேருங்க!”

இருவரும் திட்டிக்கொண்டே தோண்டினார்கள். வளையத்தின் கிழக்குப் பக்கம், கல் அடுக்கின் அடியில். தோண்டத் தோண்ட மணல் சரிந்து மூடியது. ஒருவன் வார, மற்றவன் சரிவைத் தடுத்தால்தான் குழி நின்றது. அதனால் பேசாமலேயே ஒருவன் வாரினான், ஒருவன் தடுத்தான். கலீல் குழிக்குள் கால் மடக்கி உட்கார்ந்து கையை விட்டுத் துழாவினான். முகம் மாறியது.

“வழவழன்னு இருக்கு! கழுத்து! சாடிக் கழுத்து!”

அந்தக் கணத்தில் மேலே இருந்த கல் சரிந்தது. பெரிய பவளக்கல், இரண்டு மூட்டைப் பருமன், உருண்டு வந்து கலீலின் முழங்காலுக்குக் கீழே அழுத்தி உட்கார்ந்துகொண்டது.

கலீல் அலறினான். ஜெய்லானி கல்லைக் கட்டிப்பிடித்து இழுத்தான். அசையவில்லை. கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். அசையவில்லை. அதற்குள் முதல் அலை வந்து கணுக்காலை நனைத்தது. கடல் திரும்ப ஏறத் தொடங்கிவிட்டது. வழக்கமான ஏற்றமில்லை, தெற்கே எங்கேயோ எழும்பிய காற்று அலையைத் தள்ளிக்கொண்டு வந்தது.

உட்கார்ந்த நிலையில் சிக்கியவனை மூழ்கடிக்க இடுப்பளவு தண்ணீரே போதும். மார்பு வரை வந்தது. கழுத்து வரை வந்தது. ஜெய்லானி திரும்பிப் பார்த்தான். சவேரியான் நங்கூரத்தை உருவி வள்ளத்தைச் சுற்றிக் கொண்டுவரப் போய்விட்டார். யாரும் இல்லை. நடுத்துண்டு மீன் தின்றவன், வாப்பாவின் வாய்ச்சொல்லானவன், பூனையைக்கூட வளைத்துப் போட்டவன், நீருக்கு மேல் வெறும் முகமாக இருந்தான். மனசுக்குள் ஏதோ ஒன்று, ‘ஒரே ஒரு அலை’ என்று சொன்னது. ‘சீ!’ என்று ஜெய்லானி தன் கன்னத்திலேயே அறைந்துகொண்டான். கலீலின் பக்கத்தில் மண்டியிட்டு, தண்ணீருக்குள் அவன் கையைத் தேடிப் பிடித்தான்.

அலை கலீலின் வாயை மூடியது. பேச முடியவில்லை. கண் மட்டும் ஜெய்லானியைப் பார்த்தது. நீருக்கடியில், யார் கண்ணுக்கும் தெரியாமல், அவன் விரல்கள் ஜெய்லானியின் நாலு விரலையும் சேர்த்துப் பிடித்தன.

முழுசும். சாடியும் உனக்கு, கல்கத்தாவும் உனக்கு. என்னைத் தூக்கு.

ஜெய்லானி வாழ்நாளில் பார்த்த மிக நல்ல பேரம் அது. கையை அப்படியே வைத்திருந்தால் போதும், முடிந்துவிடும். ஆனால் ஒரு கையைக் கொடுத்துவிட்டு ஒற்றைக் கையால் எந்தக் கல்லை நெம்புவது? வெடுக்கென்று உதறினான். இரு கையாலும் கடப்பாரையைக் கல்லின் அடியில் செருகினான். தண்ணீர் இப்போது கல்லையே மூடியிருந்தது. அடுத்த பெரிய அலை வந்து மோதியபோது தன் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினான்.

கல் எழும்பியது! சற்று முன்பு மலை மாதிரி கிடந்தது, இப்போது பாதிக் கனம்கூட இல்லை. “யா அல்லா!” என்று கத்திக்கொண்டே இன்னும் ஒரு நெம்பு. கலீலின் கால் வெளியே வந்தது. ஜெய்லானி அவனை அக்குளுக்கடியில் பிடித்து, பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனான். சவேரியானின் வள்ளம் ஆடிக்கொண்டு வந்தது. பெரிய வயிற்றோடு குனிந்து, இருவரையும் மீனைப் போல உள்ளே வாரிப் போட்டார்.

கலீல் இருமினான், கக்கினான், மூச்சு விட்டான். அப்போதுதான் ஜெய்லானி பார்த்தான். அவனுடைய மற்றக் கை இன்னும் இறுகி மூடியிருந்தது. அந்தக் கைப்பிடியில் ஒரு சாடியின் கழுத்து. கழுத்துக்குக் கீழே, அவனோடு சேர்ந்து குழியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த முழுச் சாடி!

“அடப்பாவி! ஒரு கையால எல்லாத்தையும் எனக்குக் குடுத்துட்டு, இன்னொரு கையால சாடியைப் புடிச்சுக்கிட்டா கெடந்தே?”

“கொடுக்கிற சரக்கை விட்டுட்டா வரமுடியும்?” என்றான் கலீல், பல்லைக் கடித்துக்கொண்டு. “நானும் அந்த வீட்டு ரத்தம்தானே மச்சான்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “கல்லு எப்படி எழும்புச்சு தெரியுமா? தண்ணிக்குள்ள முங்கினது எதுவும்...”

“வாயை மூடுடா! சாகக் கெடந்தவன் பாடம் நடத்தாதே!”

கீழக்கரைக் கடற்கரையில் கூட்டம் கூடிவிட்டது. கிட்டங்கியின் வெள்ளை விரிப்பில் மரைக்காயரே மெழுகை உடைத்தார். முத்துகள் உருண்டன! சில லேசாக மங்கியிருந்தன. பெரும்பாலானவை பழைய நிலா வெளிச்சம் போல மினுங்கின. இவ்வளவு காலம் மண்ணில் கிடந்து எப்படிக் கெடவில்லை என்று தரகர்கள் வாய் பிளந்தார்கள். அந்த மணலும் சுண்ணாம்பு, முத்தும் சுண்ணாம்பு, ஒன்றை ஒன்று தின்னாது என்றான் கலீல், காலில் கட்டோடு உட்கார்ந்தபடி. எல்லோரும் தலையாட்டினார்கள். ஜெய்லானியின் வயிற்றில் நண்டு மறுபடி ஊர்ந்தது.

“யார் எடுத்தது?” என்றார் மரைக்காயர்.

“மச்சான்தான், மாமா,” என்றான் கலீல் உடனே. “என் பங்கு முழுசையும் கொடுத்துட்டேன். பேரம் முடிஞ்சுபோச்சு.”

கிட்டங்கி முழுவதும் ‘ச்சு’ கொட்டியது. என்ன பெருந்தன்மை! என்ன குணம்! உம்மா உள்வாசலில் நின்று கண்ணைத் துடைத்தாள். ஜெய்லானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிப்பிலும் அவன், கண்டுபிடிப்பிலும் அவன், இப்போது கொடுப்பதிலும் அவனா? இதையும் விட்டுவிட்டால் தனக்கென்று என்ன மிஞ்சும்?

“பேரம் முடியல வாப்பா!” என்று கத்தினான். “கரை என்னுது, கடல் அவனுது. சாடி கெடந்தது கடல்ல. அது அவன் சரக்கு!”

“நான் நாலு விரலையும் புடிச்சேன், மாமா!”

“நான் கையை உதறினேன்! உதறாம கல்லைத் தூக்க முடியுமா? கேளுங்க வாப்பா, நம்ம வழக்கத்துல கையை உதறினா என்ன அர்த்தம்?”

“பேரம் இல்லைன்னு அர்த்தம்,” என்றார் ஒரு கிழத் தரகர்.

“பாதியாவது வாங்கிக்க மச்சான்!”

“கால்கூட வேண்டாம்! வத்தினப்ப கரைன்னு நான் சொன்னது தப்பு. போதுமா? உன் சரக்கு! எடுத்துக்கிட்டுப் போ!”

வாங்குகிறவன் குறைவாகவும் விற்கிறவன் அதிகமாகவும் கேட்டே பழகிய அந்தக் கிட்டங்கி, இப்படித் தலைகீழான பேரத்தைக் கண்டதில்லை. ஆனால் பேரம் எதுவானாலும் ஜெய்லானியிடம் ஜெயித்தவர் கிடையாது. ஜெய்லானி ஜெயித்துவிட்டான். ஜெயித்த பிறகுதான் கல்கத்தா கையை விட்டுப் போனது நினைவுக்கு வந்தது.

மரைக்காயர் முத்துகளை வாரிச் சாடிக்குள் திரும்பப் போட்டார். பிறகு சொன்னார்: “சொன்ன சொல் சொன்னதுதான். கலீல் கல்கத்தா போகட்டும். ஆனா கடற்கரையில நின்னு சங்கு கொள்முதல் பண்ண எனக்கு ஒரு ஆள் வேணும். முங்குறவன் கூட வள்ளத்துல போகணும். எந்தக் காத்துல எந்தக் கடலடிப் பாரு கலங்கும், எந்த மாசம் எங்க சங்கு ஏறும்னு பார்க்கணும். சவேரியான் சொன்னான்; செத்த மரத்தைப் பார்த்துத் தீவு நகருதுன்னு கண்டுபிடிச்சவனுக்கு அது வரும். என்ன, போறியா?”

“வாந்தி வருமே வாப்பா.”

“வரட்டும். கடல் பெருசு.”

கால் ஆறியதும் கலீல் புறப்பட்டான். ராமநாதபுரம் ரயிலடியில் ஜெய்லானி அவன் பெட்டியைத் தூக்கி வைத்தான். ஜன்னலோர இருக்கை. அதைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் லேசாகச் சுள்ளென்றது. பழக்கம் எங்கே போகும்?

கலீல் கம்பிக்கு உள்ளே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“என்னடா? கல்கத்தா போறவன் மூஞ்சியா இது?”

“சங்குக் குடோன் மச்சான். காலையில குடோன், சாயங்காலம் குடோன். கடலைப் படிச்சவனைக் கணக்குப் பார்க்க அனுப்புறாரு மாமா. நீ வள்ளத்துல போவே, பாரைப் பார்ப்பே, சோழகம் முடிஞ்சு அந்தத் தீவு எவ்வளவு நகர்ந்திருக்குன்னு பார்ப்பே...” கலீல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். “உண்மையைச் சொல்லட்டுமா? உன்னைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது.”

ஜெய்லானியால் தன் காதையே நம்ப முடியவில்லை. “என்ன சொன்னே?”

“வயிறு எரியுதுன்னேன்.”

“இன்னொரு தரம் சொல்லு.”

ரயில் நகர்ந்துவிட்டது. ஜெய்லானி நடைமேடையின் கடைசி வரை கூடவே ஓடி, கைகாட்டிவிட்டு நின்றான். பொறாமையும் அந்தத் தீவு மணல் மாதிரிதான்: ஒரு கரையில் அரித்துப் போனது எங்கும் தொலைவதில்லை, சத்தமில்லாமல் எதிர்க்கரையில் போய் ஏறிக்கொள்கிறது. இரண்டு கரைக்காரனும் ஒருவனை ஒருவன் விசாரித்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

இதையெல்லாம் அவன் அப்போது யோசிக்கவில்லை. கையில் இருந்த காசுக்கு ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கி, அப்படியொரு நிம்மதியோடு தின்றுகொண்டே ஊருக்கு பஸ் ஏறினான்.